உயவு எண்ணெயின் உராய்வை அளப்பது எப்படி? நான்கு குண்டுச் சோதனைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"இந்த எண்ணெயின் உராய்வுக் குணகம் எவ்வளவு?" என்று கேட்பவருக்கு நேர்மையான ஒரே பதில், "எதற்கும் எதற்கும் நடுவில்?" என்பதுதான். (உராய்வு விசையை, பரப்புகளை அழுத்தும் விசையால் வகுத்தால் வரும் எண்ணே உராய்வுக் குணகம்.) அடர்த்தியும் பாகுநிலையும் (எண்ணெய் எவ்வளவு குழகுழப்பாக ஓடுகிறது என்ற அளவு) எண்ணெய்க்கே உரிய குணங்கள். ஒரு புட்டியில் அடைத்து எந்த ஊருக்கு அனுப்பினாலும், அதே வெப்பநிலையில் அதே எண் வரும். உராய்வுக் குணகம் அப்படிப்பட்டதல்ல. உரசும் இரண்டு பரப்புகள், அவற்றின் சொரசொரப்பு, வேகம், பளு, வெப்பம், இவற்றுக்கு நடுவே இருக்கும் எண்ணெய் ஆகிய அனைத்தும் சேர்ந்து தரும் எண் அது. ஒன்றை மாற்றினால் எண் மாறிவிடும்.

பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டங்களாக வரும் எண்ணெய் ஆய்வுகளில் பாதிக்கு மேல் தடுமாறுவது இந்த இடத்தில்தான். "தேங்காய் எண்ணெயில் நானோ துகள் கலந்தோம், உராய்வு குறைந்தது" என்று ஒரு வரி இருக்கும். என்ன பளுவில், என்ன வேகத்தில், எத்தனை முறை சோதித்து என்ற விவரம் இருக்காது. இயந்திரம் நல்ல இயந்திரமாகவே இருந்திருக்கும். அதனிடம் கேட்ட கேள்விதான் தெளிவில்லாமல் இருந்திருக்கும்.

இந்த வழிகாட்டி பெரும்பாலும் நான்கு குண்டுச் சோதனையைப் பற்றியது. ஆய்வகங்களில் ஃபோர் பால் டெஸ்டர் என்றே சொல்வார்கள். இந்தியக் கல்லூரிகளிலும் எண்ணெய் நிறுவன ஆய்வகங்களிலும் பரவலாகக் கிடைக்கும் கருவி அது. மற்ற கருவிகளை எப்போது நாட வேண்டும் என்பதையும் இடையில் சொல்கிறேன்.

முதல் படி: எந்த உயவு நிலையை அளக்கப் போகிறீர்கள்?

1883-இல் இங்கிலாந்தில் பியூசாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் அச்சுகளில் இருப்பது போன்ற பேரிங்குகளின் உராய்வை அளந்துகொண்டிருந்தார். எண்ணெய் ஊற்றுவதற்காகப் பேரிங்கின் மேற்புறத்தில் ஒரு துளை போட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும் அந்தத் துளை வழியே எண்ணெய் மேலேறி வழிந்தது. கார்க்கால் அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. அழுத்தமானியை வைத்துப் பார்த்தபோது, பளுவைப் பரப்பால் வகுத்தால் வரும் சராசரி அழுத்தத்தைப் போல இரு மடங்குக்கும் மேல் காட்டியது. சுழலும் அச்சே எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துச் சென்று, அதன் அழுத்தத்தில் மிதந்துகொண்டிருந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கு எழுதினார். 1902-இல் ஜெர்மனியில் ரிச்சர்டு ஸ்டிரிபெக், வேகத்தை மாற்றிக்கொண்டே போனால் உராய்வு முதலில் இறங்கி, ஒரு அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறுகிறது என்பதைப் பேரிங்குகளில் விரிவாக அளந்து காட்டினார். அந்த வளைகோட்டுக்கு இன்று அவர் பெயர்தான்.

இந்த வளைகோட்டை மூன்று பகுதிகளாகப் பார்க்க வேண்டும். வேகம் குறைவாகவோ பளு அதிகமாகவோ இருக்கும்போது எண்ணெய்ப் படலம் நசுங்கிப்போய், உலோக மேடுகள் ஒன்றையொன்று தொடும். இது எல்லை உயவு. இங்கே உராய்வுக் குணகம் பெரும்பாலும் 0.1-ஐ ஒட்டி இருக்கும். அதைத் தீர்மானிப்பது உலோகத்தின் மேல் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகளின் வேதியியல். மறு முனையில், தடித்த படலம் இரு பரப்புகளையும் முற்றிலும் பிரித்துவிடும். இது முழுப்படல உயவு. பேரிங்குகளில் இங்கே குணகம் 0.001 முதல் 0.01 வரை இறங்கிவிடும். அதைத் தீர்மானிப்பது பாகுநிலை. நடுவில் இருப்பது கலப்பு உயவு. படலத்தின் தடிமனைப் பரப்புகளின் கூட்டுச் சொரசொரப்பால் வகுத்தால் வரும் விகிதம் 1-க்குக் கீழே இருந்தால் எல்லை உயவு, 3-க்கு மேலே போனால் முழுப்படலம் என்பது பொறியாளர்களின் பழகிய கணக்கு.

இது ஏன் முதல் படி என்றால், ஒரே எண்ணெய் இரு முனைகளிலும் நேரெதிராக நடந்துகொள்ளலாம். விளக்கெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை ஏறத்தாழ 250 சதுர மில்லிமீட்டர்/வினாடி. தேங்காய் எண்ணெய்க்கு 27 அளவில்தான். முழுப்படல நிலையில் ஓடும் பேரிங்கில் விளக்கெண்ணெய் அதிக உராய்வைத் தரும், ஏனெனில் அந்தத் தடித்த திரவத்தைச் சறுக்கிப் பிரிப்பதற்கே சக்தி வேண்டும். மெதுவாகச் சுழலும் மாட்டுவண்டி அச்சில் அதே தடிமன்தான் இரும்பைக் காப்பாற்றியது. வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மை சும்மா வந்த பழக்கமல்ல. ஆகவே, நீங்கள் ஆராயும் எண்ணெய் எங்கே வேலை செய்யப் போகிறது என்பதை முதலில் ஒரு வாக்கியத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: கியர் பற்களிலா, பிஸ்டன் வளையத்திலா, உலோகம் வெட்டும் முனையிலா, மெதுவாக ஓடும் புஷ்ஷிலா?

இரண்டாம் படி: கருவியைத் தேர்ந்தெடுத்தல்

நான்கு குண்டுச் சோதனையில் மூன்று எஃகுக் குண்டுகள் ஒரு கிண்ணத்தில் இறுக்கப்பட்டு எண்ணெயில் மூழ்கியிருக்கும். நான்காவது குண்டு அவற்றின் மேல் அழுத்திக்கொண்டு சுழலும். 1933-இல் போர்லாகே இதை வடிவமைத்து வெளியிட்டார். தொடும் இடம் ஒரு புள்ளி என்பதால் அழுத்தம் மிக அதிகம். அதனால் இது அடிப்படையில் எல்லை உயவை அளக்கும் கருவி. முழுப்படல உயவைப் பற்றி இதனிடம் எதுவும் கேட்காதீர்கள்.

பின்-ஆன்-டிஸ்க் கருவியில் ஒரு சிறு கம்பியோ குண்டோ சுழலும் வட்டின் மேல் உரசும். நீங்கள் விரும்பிய உலோகத்தையே வட்டாகச் செய்துகொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. அலுமினியக் கலவைக்கும் வார்ப்பிரும்புக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டுமானால் எஃகுக் குண்டுகளைக் கட்டி அழுவதில் பொருளில்லை, இதற்குப் போய்விடுங்கள்.

முன்னும் பின்னும் அசையும் கருவிகள் பிஸ்டன் வளையத்துக்கும் எரிபொருள் பம்புக்கும் நெருக்கமானவை. டீசலின் உயவுத் திறனை அளக்கும் ஹெச்எஃப்ஆர்ஆர் சோதனை இந்த வகை: 200 கிராம் எடை, 1 மில்லிமீட்டர் அசைவு, வினாடிக்கு 50 முறை, 60 டிகிரி, 75 நிமிடம், வெறும் 2 மில்லிலிட்டர் எரிபொருள். கந்தகத்தை நீக்கச் சுத்திகரிக்கும்போது உலோகத்தில் ஒட்டும் இயல்புள்ள சேர்மங்களும் டீசலிலிருந்து போய்விடுகின்றன, பம்புகள் தேய்ந்தன. அதனால்தான் இந்தச் சோதனை தர விதிகளில் நுழைந்தது. இந்தியாவிலும் உரசலில் தேய்ந்து குண்டில் விழும் தழும்பின் அளவு 460 மைக்ரோமீட்டரைத் தாண்டக் கூடாது. காற்றின் ஈரப்பதம் இதன் முடிவைப் பாதிக்கும் என்பதைக் கடற்கரை ஊர்களில் உள்ளவர்கள் கூடுதல் கவனத்துடன் நினைவில் வைக்க வேண்டும்.

உருளலும் சறுக்கலும் கலந்த கியர் போன்ற தொடர்புகளுக்குக் குண்டும் வட்டும் தனித்தனி மோட்டாரில் சுழலும் கருவிகள் இருக்கின்றன. ஸ்டிரிபெக் வளைகோட்டை முழுமையாக வரைய அவையே சிறந்தவை. விலைதான் அதிகம்.

கருவி எதுவும் கையில் இல்லாதவர்கள் சாய்தளத்தில் எண்ணெய் தடவி, கட்டை எந்தக் கோணத்தில் நகர்கிறது என்று பார்ப்பதுண்டு. 8.5 டிகிரியில் நகர்ந்தால் அதன் டேன்ஜென்ட் 0.15. பள்ளி மாணவருக்கு அருமையான பாடம். ஆனால் அது நகரத் தொடங்கும் கணத்தின் உராய்வை மட்டுமே காட்டும்; கட்டையின் கீழே படலம் நசுங்க எவ்வளவு நேரம் விட்டீர்கள் என்பதைப் பொறுத்து கோணமும் மாறிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் படி: பாகுநிலையை முன்கூட்டியே அளந்துவிடுங்கள்

40 டிகிரியிலும் 100 டிகிரியிலும் இயக்கப் பாகுநிலையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு எண்ணெய்களின் உராய்வு வேறுபட்டால், அது பாகுநிலையால் வந்ததா, வேதியியலால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல இந்த எண்கள் வேண்டும். கடையில் வாங்கும் எண்ணெயில் விஜி 46 என்று எழுதியிருந்தால், 40 டிகிரியில் 46 சதுர மில்லிமீட்டர்/வினாடி, பத்து விழுக்காடு கூடக் குறைய இருக்கலாம் என்று பொருள். புட்டியின் லேபிளை நம்புவதைவிட ஒரு முறை அளப்பது மேல்.

நான்காம் படி: மாதிரியும், அதற்கு எதிரே நிற்கும் ஒப்பீட்டு எண்ணெயும்

மாதிரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. குலுக்குங்கள், வடிகட்டுங்கள், தேதி எழுதுங்கள், வெயில் படாமல் வையுங்கள். தாவர எண்ணெய் என்றால் காற்றோடு சேர்ந்து கெட்டுப்போகும். மூன்று மாதம் திறந்திருந்த புட்டியும் புதிய புட்டியும் ஒரே எண்ணெய் அல்ல. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவில் உறைந்துவிடும். முழுவதும் உருகிக் கலந்த பிறகே எடுக்க வேண்டும்.

ஒப்பீட்டு எண்ணெய்தான் முக்கியம். நானோ துகள் ஆய்வை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். துகள்கள் அடியில் தங்காமல் இருக்க ஒலியிக் அமிலம் போன்ற ஒன்றைச் சேர்த்து, மீயொலிக் கருவியில் ஒரு மணி நேரம் கலக்குவார்கள். பிறகு அதைச் சாதாரண எண்ணெயோடு ஒப்பிட்டு, "துகள் உராய்வைக் குறைத்தது" என்பார்கள். ஒலியிக் அமிலமே உராய்வைக் குறைக்கும் பொருள்! அதன் ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ளும், நீண்ட வால் வெளியே நீட்டிக்கொண்டு மற்ற பரப்பை விலக்கும். எண்ணெய்களில் உராய்வு குறைப்பானாகவே அது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. போதாததற்கு, ஒரு மணி நேர மீயொலி எண்ணெயைச் சூடாக்கிக் காற்றையும் கலந்திருக்கும்.

சரியான ஒப்பீட்டுக்கு மூன்று மாதிரிகளாவது வேண்டும்: வெறும் எண்ணெய், எண்ணெயும் ஒலியிக் அமிலமும் சேர்ந்து அதே நேரம் மீயொலியில் இருந்தது, இவற்றோடு துகளும் சேர்ந்தது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே உள்ள வேறுபாடு மட்டுமே துகளின் பங்கு. அந்த இரண்டாவது மாதிரியைச் சேர்த்ததும் பல ஆய்வுகளின் மகிழ்ச்சி வடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

இவை தவிர, சேர்க்கைகள் எதுவும் இல்லாத வெள்ளைக் கனிம எண்ணெய் ஒரு லிட்டரை வாங்கி ஆய்வகத்தின் நிரந்தர அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் சரியாக இருக்கிறதா என்று அடுத்த ஆண்டு சந்தேகம் வந்தால், தீர்த்துவைப்பது அதுதான்.

ஐந்தாம் படி: குண்டுகள், கழுவுதல்

குண்டுகள் 12.7 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை; குரோம் எஃகு, அதாவது ஏஐஎஸ்ஐ 52100 (நம் சந்தையில் இஎன் 31); கடினம் ராக்வெல் சி அளவில் 64 முதல் 66; வடிவத் துல்லியம் கிரேடு 25. ஒரே தொகுதியில் வந்த பெட்டியை ஆய்வு முழுவதற்கும் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் நான்கு புதிய குண்டுகள். "கீழ்க்குண்டைத் திருப்பிப் போட்டால் இன்னொரு சோதனைக்கு ஆகும்" என்ற சிக்கனம் வேண்டாம்.

புதிய குண்டுகளின் மேல் துருத் தடுப்பு எண்ணெய் பூசியிருக்கும். அதுவும் ஓர் உயவு எண்ணெய்தான் என்பதை மறக்கக் கூடாது. ஹெப்டேன் அல்லது அதுபோன்ற கரைப்பானில் மீயொலித் தொட்டியில் பத்து நிமிடம், புதிய கரைப்பானில் மறுபடியும் பத்து நிமிடம், கடைசியாக அசிட்டோனில் ஒரு முக்கு, பிறகு காற்றில் உலர்த்தல். கிண்ணம், இறுக்கு வளையம், மேல்குண்டைப் பிடிக்கும் கோலெட் ஆகியவற்றுக்கும் இதே குளியல். அதன்பின் வெறும் கையால் தொடாதீர்கள். விரலில் இருக்கும் கொழுப்பு அமிலங்கள் எல்லை உயவின் எண்ணையே மாற்றப் போதுமானவை. நைட்ரைல் கையுறையும் இடுக்கியும் வேண்டும். நூல் உதிராத துணி வேண்டும்.

ஹெப்டேனும் அசிட்டோனும் எளிதில் தீப்பற்றும். சூடான கிண்ணத்துக்கு அருகில் திறந்து வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் மட்டுமே கழுவுங்கள்.

ஆறாம் படி: கருவியைச் சரிபார்த்தல்

மேல்குண்டு சுழலும்போது, கீழே உள்ள கிண்ணமும் அதனோடு சேர்ந்து சுழல முயலும். அதைச் சுழலவிடாமல் ஒரு கை தடுக்கும். அந்தக் கையின் நுனியில் உள்ள லோடு செல் எவ்வளவு விசை வருகிறது என்று காட்டும். அந்த விசையையும் கையின் நீளத்தையும் பெருக்கினால் திருப்பு விசை. அளவீட்டின் உயிர் இந்த லோடு செல்லில் இருக்கிறது. தெரிந்த எடைகளைக் கப்பியின் வழியே தொங்கவிட்டு, காட்டும் எண் சரிதானா என்று மூன்று நான்கு இடங்களில் சோதியுங்கள். எடை ஏதும் இல்லாதபோது பூஜ்யம் காட்ட வேண்டும். ஒயர் எதுவும் கிண்ணத்தை இழுத்துப் பிடித்திருக்கக் கூடாது. வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிளின் ஒயர்தான் வழக்கமான குற்றவாளி.

கிண்ணம் உட்கார்ந்திருக்கும் பேரிங்குக்கும் சொந்தமாகக் கொஞ்சம் உராய்வு உண்டு. பளு ஏற்றிய நிலையில் கிண்ணத்தைக் கையால் இரு பக்கமும் மெல்லத் தள்ளிவிட்டுப் பாருங்கள். இரு திசையிலும் லோடு செல் ஒரே இடத்துக்குத் திரும்பாவிட்டால், அந்தப் பேரிங்கைக் கழுவிப் போடாமல் மேலே போகாதீர்கள்.

ஏழாம் படி: ஓட்டம்

இரண்டு வழிகள் உள்ளன. எளிய வழி, அமெரிக்கத் தர அமைப்பான ஏஎஸ்டிஎம் வெளியிட்ட டி 4172 என்ற தேய்மானச் சோதனையை ஓட்டிக்கொண்டே திருப்பு விசையையும் பதிவு செய்வது: 75 டிகிரி, 1200 ஆர்பிஎம், 60 நிமிடம், பளு 15 அல்லது 40 கிலோகிராம் விசை (147 அல்லது 392 நியூட்டன்). இந்த வேகத்தில் தொடும் புள்ளியின் சறுக்கு வேகம் வினாடிக்கு 0.46 மீட்டர்.

உராய்வுக்கென்றே எழுதப்பட்ட வழி ஏஎஸ்டிஎம் டி 5183. அதில் முதலில் வெள்ளைக் கனிம எண்ணெயில் 600 ஆர்பிஎம், 75 டிகிரி, 40 கிலோ பளுவில் ஒரு மணி நேரம் ஓட்டிக் குண்டுகளைப் பழக்குகிறார்கள். பிறகு அந்த எண்ணெயைக் கொட்டி, குண்டுகளை இடம் மாற்றாமல் கழுவி, சோதிக்க வேண்டிய எண்ணெய் 10 மில்லிலிட்டரை ஊற்றி, 10 கிலோவில் தொடங்குகிறார்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை 10 கிலோ கூட்டிக்கொண்டே போக வேண்டும். திருப்பு விசை திடீரென்று எகிறினால் படலம் உடைந்து உலோகம் ஒட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். அங்கே நிறுத்திவிட வேண்டும்.

இவ்வளவு சுற்று எதற்கு என்று தோன்றலாம். காரணம் அழுத்தம். 392 நியூட்டன் பளுவில் ஒவ்வொரு கீழ்க்குண்டின் மேலும் 160 நியூட்டன் விழுகிறது. புதுக் குண்டில் அது 0.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் தாங்கப்படுகிறது: சராசரி அழுத்தம் 2.3 கிகாபாஸ்கல், நடுவில் உச்சம் 3.4. தேய்ந்து தழும்பின் விட்டம் 0.6 மில்லிமீட்டர் ஆகிவிட்டால், சராசரி அழுத்தம் 0.57 கிகாபாஸ்கலாக நாலில் ஒன்றாகக் குறைந்துவிடும். அதாவது எளிய வழியில் ஒரு மணி நேரமும் ஒரே பளுவில் ஓடினாலும் ஒரே அழுத்தத்தில் ஓடுவதில்லை. நன்றாகத் தேய்க்கும் எண்ணெய், தனக்குத் தானே எளிதான தேர்வைத் தயாரித்துக்கொள்கிறது. எல்லா எண்ணெய்களையும் ஒரே அளவு தழும்பிலிருந்து தொடங்க வைப்பதற்குத்தான் அந்தப் பழக்கும் ஓட்டம். நேரம் இருந்தால் இரண்டாம் வழியையே தேர்ந்தெடுங்கள்.

பொருத்தும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். மூன்று குண்டுகளைக் கிண்ணத்தில் வைத்து வளையத்தைப் போட்டு, டார்க் ரெஞ்சால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு இறுக்குங்கள். தளர்வாக இருந்தால் கீழ்க்குண்டுகள் உருளும். உருண்டால் அது சறுக்கு உராய்வே அல்ல. எண்ணெய் குண்டுகளை மூழ்கடித்து மேலே குறைந்தது மூன்று மில்லிமீட்டர் நிற்க வேண்டும். மேல்குண்டைக் கோலெட்டில் அழுத்திப் பொருத்துங்கள். பளுவை மெதுவாக இறக்குங்கள்; தடாலென்று விட்டால் சுழலும் முன்பே குண்டில் குழி விழுந்துவிடும். வெப்பம் 75-ஐத் தொட்டு நிலைத்த பிறகு மோட்டாரைப் போடுங்கள். தெர்மோகப்பிள் காட்டுவது எண்ணெயின் வெப்பத்தை. உரசும் மேடுகளின் நுனி அதைவிடப் பல மடங்கு சூடாக இருக்கலாம்.

பதிவை வினாடிக்கு ஒன்றாகவாவது எடுங்கள். இயந்திரம் கடைசியில் காட்டும் ஒற்றைச் சராசரியை மட்டும் எழுதிக்கொண்டு எழுந்துவிடாதீர்கள். கோடு எப்படி ஓடியது என்பதில்தான் பாதிச் செய்தி இருக்கிறது. தொடக்கத்தில் ஓர் எகிறல், பிறகு படிப்படியாக இறங்கி நிலைத்தால் அது இயல்பு. நிலைத்த பிறகு அவ்வப்போது ஊசி போல எழுந்தால் படலம் உடைந்து உடைந்து ஒட்டுகிறது. மெல்ல ஏறிக்கொண்டே போனால் சேர்க்கை தீர்ந்துகொண்டிருக்கலாம், அல்லது தேய்ந்த துகள்கள் எண்ணெயில் சேர்ந்துகொண்டிருக்கலாம்.

எட்டாம் படி: கணக்கு

குண்டுகள் நான்கும் ஒரு பிரமிடு போல அமர்ந்திருப்பதால், மேலிருந்து வரும் பளு மூன்று சாய்வான திசைகளில் பிரிகிறது. ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் செங்குத்தாக அழுத்தும் விசை, மொத்தப் பளுவை 6-இன் வர்க்கமூலத்தால் (2.449) வகுத்தால் வருவது. தொடுபுள்ளிகள் சுழல் அச்சிலிருந்து 3.67 மில்லிமீட்டர் தொலைவில் உள்ளன. ஆகவே,

உராய்வுக் குணகம் = திருப்பு விசை × 2.449 ÷ (3 × பளு × 0.00367)

திருப்பு விசை நியூட்டன் மீட்டரில், பளு நியூட்டனில் இருக்க வேண்டும். லோடு செல் 1.76 நியூட்டன் காட்டுகிறது, கையின் நீளம் 80 மில்லிமீட்டர் என்றால் திருப்பு விசை 0.141. பளு 392. கணக்குப் போட்டால் 0.080 வரும். மென்பொருள் தரும் எண்ணோடு இதை ஒரு முறையாவது கையால் ஒப்பிட்டுப் பாருங்கள். அமைப்பில் கையின் நீளம் தவறாகப் பதிந்திருந்தால் எல்லா முடிவுகளும் ஒரே விகிதத்தில் தவறும். வரைபடத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

தழும்பையும் விடாதீர்கள்

ஓட்டம் முடிந்ததும் மூன்று கீழ்க்குண்டுகளின் தழும்புகளை நுண்ணோக்கியில் அளந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் உரசல் கோடுகளின் திசையில் ஒன்று, குறுக்கே ஒன்று. ஆக ஆறு அளவுகளின் சராசரி. மூன்று குண்டுகளும் பெரிதாக வேறுபட்டால் கிண்ணம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சோதனையைத் தள்ளிவிடுங்கள்.

உராய்வு அளக்கும் கட்டுரையில் தேய்மானம் எதற்கு என்றால், இரண்டும் கைகோத்துப் போக வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால்தான். எஞ்சின் எண்ணெய்களில் பல பத்தாண்டுகளாகச் சேர்க்கப்படும் துத்தநாக டைஆல்கைல் டைதயோபாஸ்பேட் தேய்மானத்தை அருமையாகத் தடுக்கும். ஆனால் அது உலோகத்தின் மேல் வளர்க்கும் சொரசொரப்பான படலம் கலப்பு உயவில் உராய்வைக் கூட்டும். எதிர்ப்பக்கம், அமிலத்தன்மை கூடிய எண்ணெய் வழுவழுப்பாக ஓடிக்கொண்டே உலோகத்தை அரித்துக்கொண்டிருக்கலாம். ஒரு எண்ணை மட்டும் வெளியிடுபவர் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்.

இதே கருவியில் செய்யப்படும் இன்னொரு சோதனையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 1760 ஆர்பிஎம்மில் பத்துப் பத்து விநாடிகள் ஓட்டி, பளுவை ஏற்றிக்கொண்டே போய், குண்டுகள் ஒன்றோடொன்று பற்றவைத்தது போல ஒட்டும் பளுவைக் கண்டுபிடிப்பது அது. பளு தாங்கும் திறனை அது சொல்லும். உராய்வுக் குணகத்தைச் சொல்லாது.

எத்தனை முறை ஓட்ட வேண்டும்?

ஒவ்வொரு எண்ணெய்க்கும் குறைந்தது மூன்று. ஐந்து என்றால் நிம்மதி. எல்லா மாதிரிகளையும் கலைத்துப் போட்ட வரிசையில் ஓட்டுங்கள். ஒப்பீட்டு எண்ணெயை முதல் நாளே முடித்துவிட்டு, புதிய எண்ணெயை அடுத்த வாரம் ஓட்டினால், நடுவில் மாறிய எதற்கும் எண்ணெய் பழியோ புகழோ ஏற்க வேண்டிவரும். தொடரின் தொடக்கத்திலும் முடிவிலும் வெள்ளை எண்ணெயை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

கற்பனையாக ஓர் உதாரணம்: ஒப்பீட்டு எண்ணெய் 0.083, 0.079, 0.088 தந்தது, புதிய கலவை 0.080, 0.076, 0.085 தந்தது. சராசரிகளுக்கு இடையே 0.003 வேறுபாடு. ஒரே எண்ணெயின் மூன்று ஓட்டங்களுக்கு உள்ளேயே 0.009 வேறுபாடு. இதை "நான்கு விழுக்காடு முன்னேற்றம்" என்று எழுதக் கூடாது. "வேறுபாடு காண முடியவில்லை" என்று எழுதுங்கள். அதுவும் ஒரு முடிவுதான். தழும்புக்கும் இதே கண்டிப்பு வேண்டும்: டி 4172 முறையின்படியே, ஒரே ஆள் ஒரே கருவியில் ஒரே எண்ணெயை இரு முறை ஓட்டினால் 0.12 மில்லிமீட்டர் வரை வேறுபடலாம்; வெவ்வேறு ஆய்வகங்களுக்கு இடையே 0.28 வரை. இதை அறிந்த பிறகு, 0.05 மில்லிமீட்டர் குறைந்ததாகக் கொண்டாடும் அறிக்கைகளை வேறு கண்ணால் படிப்பீர்கள்.

வளைகோடு வேண்டும் என்றால்

எல்லை உயவின் ஓர் எண் போதாது, முழு வளைகோடும் வேண்டும் என்றால் குண்டு-வட்டுக் கருவியிலோ பின்-ஆன்-டிஸ்க்கிலோ வேகத்தைப் படிப்படியாக மாற்ற வேண்டும். முதலில் பரப்புகளைப் பழக்கிவிட்டு, அதிக வேகத்தில் தொடங்கிக் கீழிறங்குங்கள். மெதுவான வேகத்தில் தொடங்கினால் முதல் நிமிடங்களிலேயே பரப்பு கீறுபட்டு, மிச்ச வளைகோடு முழுதும் அந்தக் கீறலின் வரலாறாகிவிடும். ஒவ்வொரு வேகத்திலும் கோடு நிலைக்கும் வரை காத்திருங்கள். கிடை அச்சில் வேகத்தை மட்டும் குறிக்காமல், வேகத்தையும் அந்த வெப்பநிலையின் பாகுநிலையையும் பெருக்கிப் பளுவால் வகுத்த மதிப்பைக் குறியுங்கள். இரண்டு எண்ணெய்களின் கோடுகள் இப்படி வரைந்ததும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டால், அவற்றுக்கு இடையே இருந்தது வெறும் பாகுநிலை வேறுபாடு. வலப்பக்கம் படிந்து, இடப்பக்கம் மட்டும் பிரிந்து நின்றால், அங்கே உலோகத்தின் மேல் ஏதோ வேதியியல் நடக்கிறது. மூன்றாம் படியில் பாகுநிலையை அளக்கச் சொன்னதன் பயன் இங்கே கைக்கு வரும்.

எழுதும்போது

முடிவை இப்படி எழுதலாம்: "52100 எஃகுக் குண்டுகள், 392 நியூட்டன், 600 ஆர்பிஎம், 75 டிகிரி, பழக்கிய பரப்பு, கடைசி ஐந்து நிமிடச் சராசரி, ஐந்து ஓட்டங்கள்: 0.080, சிதறல் 0.004." நீளமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் எந்தச் சொல்லை எடுத்தாலும் வேறொருவரால் அந்தச் சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. சிதறலை மறைக்க வேண்டாம். தள்ளிவிட்ட சோதனைகள் எத்தனை, ஏன் தள்ளினீர்கள் என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

மூலப் பதிவுகளை மென்பொருளின் படமாக மட்டுமல்லாமல் எண்களாகவும் சேமியுங்கள். ஓடி முடிந்த குண்டுகளைக் கழுவி, துருப்பிடிக்காமல் மெல்லிய எண்ணெய் பூசி, சோதனை எண்ணும் தேதியும் எழுதிய சிறு உறைகளில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். மின்னணு நுண்ணோக்கியில் தழும்பைப் பார்க்க வாய்ப்பு கிடைக்கும்போதோ, ஆய்வுக் குழுவில் யாராவது உங்கள் எண்ணைச் சந்தேகிக்கும்போதோ, அந்த உறையைத் தேடி எடுப்பது சோதனையை மறுபடி ஓட்டுவதைவிடச் சுலபம்.